எந்த ஆல்பத்தில் தொடங்குவது? பக்-டிக் ரசிகர்களின் தீராத வழக்கு

ஜப்பானிய ராக் குழுவான பக்-டிக்கைப் புதிதாகக் கேட்க வருபவர் பழைய ரசிகர்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது? பத்துப் பேரைக் கேட்டால் ஏழெட்டு விடை வரும். ஒருவர் 1991-இல் வந்ததைச் சொல்வார். இன்னொருவர் 2005-இல் வந்ததைக் கையில் திணிப்பார். மூன்றாமவர், "2018-ஐக் கேளுங்க, அப்புறம் பின்னால போங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்டவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ரசிகர்கள் தங்களுக்குள் விவாதிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

எந்தக் குழுவின் ரசிகர்களும் இப்படித்தானே என்று தோன்றலாம். ஆனால் இந்தக் குழுவில் அந்த விவாதம் தீராமல் இருப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டோக்கியோவுக்கு வடமேற்கே குன்மா மாகாணத்தில் ஃபுஜியோகா என்று ஒரு சிற்றூர். 1983-இல் அங்கே ஹிசாஷி இமாய் என்ற பையன் ஒரு ராக் குழு ஆரம்பிக்க ஆசைப்பட்டான். அப்போது அவனுக்குக் கிட்டாரே வாசிக்கத் தெரியாது. நண்பர்களைச் சேர்த்தான், வாசிக்கக் கற்றான், வேறொரு குழுவின் பாட்டுகளை வாசித்துப் பழகினான். அடுத்த வருடம் வைத்த பெயர்தான் பக்-டிக். ஜப்பானிய மொழியில் 'பகுச்சிக்கு' என்றால் சரவெடி. அந்தச் சொல்லையே ஆங்கிலம் போலத் தெரிகிற மாதிரி எழுதிக்கொண்டார்கள்.

1985 முடிவதற்குள் ஆட்கள் நிலைபெற்றார்கள். அதுவரை டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த அட்சுஷி சகுராய் பாடுவதற்கு முன்னால் வந்தார். இமாயும் ஹிதெஹிகோ ஹோஷினோவும் கிட்டார். யுதாகா ஹிகுச்சி பேஸ். காலியான டிரம்ஸுக்கு ஹிகுச்சியின் அண்ணன் டோல் யாகாமி வந்து உட்கார்ந்தார். இந்த ஐந்து பேரும் 2023 அக்டோபர் வரை, ஏறத்தாழ 38 வருடம், ஒருவர்கூட மாறவில்லை.

விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நீண்ட காலம் ஓடிய குழுக்களை ரசிகர்கள் பெரும்பாலும் ஆட்களை வைத்தே காலம் பிரிப்பார்கள். பழைய பாடகர் இருந்த காலம், அந்தக் கிட்டார்காரர் போன பிறகு, பிரிந்து மறுபடி சேர்ந்த பிறகு என்று கோடு போட வசதியாக இருக்கும். பக்-டிக் விஷயத்தில் அப்படி ஒரு கோடு போட இடமே இல்லை. அதே ஐந்து முகங்கள், அதே குரல். மாறியது இசை மட்டும்தான், அதுவும் ஒவ்வொரு ஆல்பத்திலும் மாறியது. அதனால் இந்த ரசிகர்களுக்கு ஆல்பம்தான் நாட்காட்டி. ஒருவர் எந்த ஆல்பம் தன்னுடையது என்று சொன்னாலே போதும், எந்த வருடம், எந்த வயதில் உள்ளே வந்தார் என்பது பாதி தெரிந்துவிடும்.

இந்தக் குழுவைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் விஷுவல் கேய் என்ற சொல்லையும் இங்கே விளக்கிவிட வேண்டும். ஒப்பனை, நிமிர்த்திய முடி, ஆண்-பெண் என்ற எல்லையை அழிக்கும் உடை என்று கண்ணுக்கும் சேர்த்து இசை படைக்கும் ஜப்பானிய ராக் வழக்கம் அது. எக்ஸ் என்ற இன்னொரு ஜப்பானிய ராக் குழு 1989-இல் வெளியிட்ட ஆல்பத்தின் அட்டையில் இருந்த 'விஷுவல் ஷாக்' என்ற முழக்கத்திலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். பக்-டிக் அதற்கு முன்பே அந்தக் கோலத்தில் மேடை ஏறியவர்கள். ஸ்பிரே அடித்து வானத்தைப் பார்க்க நிறுத்திய முடியோடு 1987-இல் டோக்கியோவைக் கலக்கினார்கள். 'பக்-டிக் ஃபெனாமினன்' என்று ஸ்டிக்கர் அச்சடித்து நகரம் முழுக்க ஒட்டித்தான் தங்கள் நிகழ்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். மற்றவர்கள் பிற்பாடு முடியை இறக்கிவிட்டார்கள். யாகாமி மட்டும் அறுபது வயதைத் தாண்டியும் அந்த நிமிர்ந்த முடியோடுதான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்காருகிறார். அவர்களை விஷுவல் கேய் என்று சொல்வதா, அதற்கு முன்னோடி என்று சொல்வதா என்பது தனி விவாதம். பின்னால் வந்தவர்கள் அவர்களை மூத்தவர்களாகவே பார்த்தார்கள். 2005, 2012, 2020 என்று மூன்று முறை மற்றக் குழுக்கள் கூடி அவர்கள் பாட்டுகளைப் பாடிச் சமர்ப்பண ஆல்பங்கள் வெளியிட்டிருக்கின்றன. மூன்றாவதில் டீர் என் கிரே என்ற பிற்காலக் குழுவும் இருக்கிறது.

சரி, ஆட்கள் மாறாமல் இசை எப்படி மாறிக்கொண்டே இருந்தது? இதற்கு அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட முறையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர் இமாய். புதிதாக ஒரு சத்தம் காதில் விழுந்தால் அதைத் தன் குழுவுக்குள் கொண்டுவராமல் இருக்க முடியாத ஆள் அவர். நத்தை ஓடு போலச் சுருண்ட கிட்டார், கையால் தொடாமலே வாசிக்கும் தெரமின் என்று மேடையில் அவர் பக்கம் எப்போதும் ஏதாவது விசித்திரம் இருக்கும். ஹோஷினோ ஒரு ஆல்பத்துக்குச் சில பாட்டுகள்தான் தருவார், ஆனால் குழுவின் மிக மென்மையான மெட்டுகள் அவருடையவை. வரிகள் பெரும்பாலும் சகுராயினுடையவை. இமாய் எந்தத் திசையில் இழுத்தாலும் சகுராயின் வரிகள் காதல், மரணம், பயம் என்ற தங்கள் வட்டத்தை விட்டு நகராது. அடியில் ஹிகுச்சி, யாகாமி என்று அண்ணன் தம்பி இருவர். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் தாளம் அது. ஆக, ஒருவர் ஓயாமல் மாற்றுகிறார், ஒருவர் மாறாமல் இருக்கிறார், இருவர் தரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த இழுவையில்தான் ஒவ்வொரு ஆல்பமும் பிறந்தது.

முதல் பிரிவினை 1990 வரையிலான ஆல்பங்களைப் பற்றியது. 1987-இல் சுயாதீன நிறுவனம் வழியாக 'ஹரி அப் மோட்', அதே வருடம் நவம்பரில் விக்டர் நிறுவனம் வழியாக இன்னொன்று, அடுத்த வருடம் 'செவன்த் ஹெவன்'. துள்ளலான பாப், வேகமான தாளம், கொஞ்சம் கூச்சத்தோடு பாடும் இளங்குரல். 1988 இறுதியில் வந்த 'ஜஸ்ட் ஒன் மோர் கிஸ்' விளம்பரத்திலும் ஒலித்து அவர்களை வீடுவீடாகக் கொண்டுபோனது. 1989 ஜனவரியில் லண்டனில் பதிவு செய்த 'டாபூ' வெளியாகி ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஓரிக்கானில் முதலிடம் பிடித்தது. அந்த வருடம் ஏப்ரலில் போதைப்பொருள் வழக்கில் இமாய் கைதானார். குழு மேடை ஏறாமல் காத்திருந்தது. வேறு கிட்டார்காரரைத் தேடவில்லை. டிசம்பர் 29 அன்று டோக்கியோ டோம் அரங்கில் ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். அந்தத் தேதியைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

திரும்பி வந்த வேகத்தில் 1990 பிப்ரவரியில் வந்தது 'அகு நோ ஹனா'. 'தீமையின் மலர்' என்று பொருள், பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் தொகுப்பிலிருந்து எடுத்த தலைப்பு. இதுவும் முதலிடம். அன்றே ரசிகர்களான பலருக்கு இன்றும் இதுதான் பக்-டிக். குழு தன் இருட்டைக் கண்டுகொண்டது இங்கேதான் என்பது அவர்கள் வாதம். பின்னால் வந்தவர்களோ, இருட்டு அறையின் கதவை இதில் தட்டினார்கள், உள்ளே போனது அடுத்ததில்தான் என்பார்கள். நான் பின்னால் வந்தவர்கள் பக்கம்.

அந்த அடுத்தது 1991-இல் வந்த 'குருத்தா தையோ'. பித்துப்பிடித்த சூரியன். யார் விவாதித்தாலும் இந்த ஆல்பம் வராமல் போகாது. 1990-இல் சகுராயின் அம்மா இறந்துபோனார். அதுவரை பாட்டுக்கு வரி தேவை என்று எழுதியவர், இதில் தனக்குத் தேவைப்பட்டதை எழுதினார். 'ஜூபிடர்' என்ற பாட்டு அம்மாவை நினைத்து எழுதியது. ஹோஷினோவின் மெட்டு. அகூஸ்டிக் கிட்டாரின் மீட்டலோடு தொடங்குகிறது. முந்தைய ஆல்பங்களில் சகுராய் தாளத்தைத் துரத்திக்கொண்டு பாடுவார். இங்கே தாளம் அவருக்காகக் காத்திருக்கிறது. குரல் கீழே இறங்கி, அந்த ஆழத்திலேயே நின்று பேசுகிறது. அதே ஆல்பத்தில் 'லாங் டிஸ்டன்ஸ் கால்' பாட்டும் அம்மாவோடு பேசுவதுதான், இனி போய்ச் சேராத ஒரு தொலைபேசிப் பேச்சு. ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாமல் முதல்முறை கேட்டபோதே இந்த இரண்டு பாட்டும் துக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ஆல்பத்தில் இமாயின் 'ஸ்பீட்' போன்ற பாட்டுகள் விளக்கு வெளிச்சமாக ஓடுகின்றன. துக்கமும் ஆட்டமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது இந்தக் குழுவின் இயல்பு என்றால், அது முழுதாகக் கைகூடியது இந்த ஆல்பத்தில். புதிதாக வருபவருக்கு நான் சொல்லும் விடையும் இதுதான்.

அடுத்த வருடம் அவர்கள் செய்த காரியம் விவாதத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றியது. பழைய பாட்டுகளைத் தொகுத்து வெற்றிப் பாடல்கள் என்று விற்பதுதான் வழக்கம். அவர்கள் பழைய பாட்டுகளை எடுத்து, புதிதாக வாசித்து, புதிதாகப் பாடிப் பதிவு செய்தார்கள். 'கொரோஷி நோ ஷிராபே' என்ற அந்த ஆல்பத்தின் துணைத்தலைப்பே இது வெற்றிப் பாடல் தொகுப்பு கிடையாது என்றுதான் சொல்கிறது. 1988-இல் சின்னப் பையன் குரலில் கேட்ட பாட்டு 1992-இல் பெரிய மனிதனின் குரலில் வந்தது. எது அசல்? முதலில் பதிந்ததா, சரியாகப் பதிந்ததா? இந்தக் கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேலாக விடை இல்லை. ஸ்டுடியோ ஆல்பங்களின் வரிசை எண்ணில் குழு இதைச் சேர்ப்பதில்லை. ரசிகர்களின் மனக்கணக்கில் மட்டும் பெரிய இடம் இதற்கு உண்டு.

1993-இல் 'டார்க்கர் தேன் டார்க்னஸ்'. 'ஸ்டைல் 93' என்று பின்னொட்டும் உண்டு. அந்தச் சிடியைப் போட்டால் பாட்டுகள் முடிந்த பிறகும் கருவியில் பாட்டின் வரிசை எண் நகர்ந்துகொண்டே இருக்கும். சின்னச் சின்ன மௌனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எழுபது, எண்பது என்று எண் ஏறி, 93-ஐத் தொட்டதும் ஒளித்துவைத்த பாட்டு ஒன்று ஒலிக்கும். பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கும், பொத்தானை அழுத்தி அழுத்திப் போய்ப் பார்த்தவர்களுக்கும் கிடைத்த பரிசு அது. இன்று இணையத்தில் பட்டியலைத் தட்டிக் கேட்பவர்களுக்கு அந்த மௌனத்தின் நீளம் புரியாது.

அதற்கு அடுத்து 1995-இல் வந்த 'சிக்ஸ்/நைன்' பற்றி இரண்டு ரசிகர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. நீளமான ஆல்பம், கனமான ஆல்பம், நடுவில் மூச்சுவிட இடமில்லை. சிலருக்கு இது உச்சம். சிலர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். டெர் ஜிபெட் குழுவின் பாடகர் இஸ்ஸாய் இதில் ஒரு பாட்டில் சகுராயோடு சேர்ந்து பாடியிருக்கிறார். அவர்கள் நட்பு கடைசிவரை நீடித்தது. இஸ்ஸாய் 2023 ஆகஸ்டில் இறந்தார், சகுராய் அதே வருடம் அக்டோபரில். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்பது வேறு அனுபவமாகிவிட்டது.

1997-இல் 'செக்ஸி ஸ்ட்ரீம் லைனர்' ஆல்பத்தோடு இமாய் மின்னிசைக்குள் தலைகீழாகக் குதித்தார். 2001-இல் அவரும் சகுராயும் பிக் குழுவின் ரேமண்ட் வாட்ஸ், கேஎம்எஃப்டிஎம் குழுவின் சாஷா கொனீட்ஸ்கோ இருவரோடும் 'ஷ்வைன்' என்ற பெயரில் சேர்ந்து பதிவு செய்தார்கள். இரண்டுமே தொழிற்சாலை இரைச்சல் போல ஒலிக்கும் இன்டஸ்ட்ரியல் இசைக் குழுக்கள். அந்த இரும்புச் சத்தம் திரும்பி வந்து 2002, 2003 ஆல்பங்களில் கேட்கிறது. அந்த இரண்டையும் ஒரே மூச்சாகத்தான் திட்டமிட்டார்கள். ஒன்றின் கடைசித் துண்டும் மற்றதன் முதல் பாட்டும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். இந்தக் காலத்தை நான் மதிக்கிறேன், அடிக்கடி கேட்பதில்லை.

பிறகு 2005. 'ஜூசங்கை வா கெக்கோ', பதின்மூன்றாம் மாடியில் நிலவொளி. மின்னிசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சவப்பெட்டி, கோமாளி, ரோஜா, மெழுகுவர்த்தி என்று முழுக்க முழுக்க ஒரு கோதிக் நாடகமாகவே செய்த ஆல்பம். சகுராய் வயதுக்கு இது பொருந்திய மாதிரி வேறெதுவும் பொருந்தவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். தற்செயலாக அதே வருடம்தான் 'டிரினிட்டி பிளட்' என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர் வந்தது. அதன் தொடக்கப் பாட்டு பக்-டிக்கின் 'டிரெஸ்'. அது 1993-இல் வந்த பாட்டு, ஹோஷினோவின் மெட்டு. ஜப்பானுக்கு வெளியே ஒரு தலைமுறை இந்தக் குழுவின் பெயரைத் தெரிந்துகொண்டது பன்னிரண்டு வருடப் பழைய பாட்டு வழியாகத்தான். அனிமேயைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தவர் கையில் கிடைத்த புது ஆல்பம் அந்த நிலவொளி. ரத்தம் குடிப்பவர்களின் கதையிலிருந்து வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பு இருக்க முடியாது. வெளிநாட்டு ரசிகர்கள் இந்த ஆல்பத்தைத் தூக்கிப் பிடிப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். பிறகு 'ஷிகி' என்ற இன்னொரு அனிமே தொடர் வழியாக 2010-இல் இன்னொரு கூட்டம் வந்தது. அவர்களுக்கு வாசல் 'ரேஸில் டேஸில்' ஆல்பம்.

வழக்கமாக இருபது வருடம் தாண்டிய குழுவின் புது ஆல்பத்தை ரசிகர்கள் கடமைக்குக் கேட்பார்கள், நிகழ்ச்சியில் பழைய பாட்டுக்குத்தான் எழுந்து நிற்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. 2012, 2014, 2016 என்று இரண்டு வருடத்துக்கு ஒன்று வந்தது. 2018-இல் வந்த 'நம்பர் ஜீரோ' ஆல்பத்தைத்தான் தங்கள் முதலிடம் என்று சொல்லும் ரசிகர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஐம்பதைத் தாண்டிய சகுராயின் குரல் அதில் ஒரு நாடக நடிகருடையது. ஒரே பாட்டில் கெஞ்சும், மிரட்டும், சட்டென்று கிசுகிசுக்கும்.

2023 ஏப்ரலில் 'இசோரா' வந்தது, 23-ஆவது ஆல்பம். வேறொரு வானம் என்ற பொருள் தொனிக்கும் தலைப்பு. உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஓடி ஒளிய இடம் தேடுவதும், எரியும் வானமும் அதன் வரிகளில் இருக்கின்றன. அக்டோபர் 19 அன்று யோகோஹாமாவில் ரசிகர் மன்றத்தினருக்கு மட்டுமான நிகழ்ச்சி. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சகுராய்க்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. அன்றிரவே இறந்தார். வயது 57. செய்தி வெளியே வந்தது 24-ஆம் தேதி.

அதற்குப் பிறகு ஆல்பங்களைப் பற்றிய பேச்சின் தொனியே மாறிவிட்டது. எது சிறந்தது என்ற கேள்வி கொஞ்ச காலம் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் திரும்பிப் போய்க் கேட்டார்கள். 2000-இல் வந்த ஆல்பத்தின் தலைப்பு 'ஒன் லைஃப், ஒன் டெத்'. 2009-இல் வந்ததற்கு 'மெமென்டோ மோரி', சாவை மறவாதே என்று. இத்தனை வருடம் இவர் மரணத்தைத்தான் பாடிக்கொண்டிருந்தார், நாம் அதை அலங்காரம் என்று நினைத்துவிட்டோம் என்று பலர் வருந்தினார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. 1991-இல் அம்மாவுக்காக எழுதிய நாள் முதல் அவர் மரணத்தைப் பாடியது, உயிரோடு இருப்பவர்களை விட்டுவிட மனமில்லாமல்தான். அந்தப் பாட்டுகளுக்குள் எப்போதும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

டிசம்பர் 29 வந்தது. 1989-இல் திரும்பி வந்த அதே தேதி. பல வருடங்களாக அந்த நாளில் நிப்பான் புடோகான் அரங்கில் வாசிப்பது அவர்கள் வழக்கமாகியிருந்தது. இம்முறையும் வாசித்தார்கள். நால்வர் மேடையில் நேரடியாக வாசிக்க, சகுராயின் பதிவுசெய்த குரல் பாடியது. குழு தொடரும் என்று அன்று அறிவித்தார்கள்.

2024 டிசம்பரில் வந்தது 'சப்ரோசா'. இமாயும் ஹோஷினோவும் பாடுகிறார்கள். வேறு பாடகரைக் கூட்டி வரவில்லை, 1989-இல் வேறு கிட்டார்காரரைத் தேடாதது போலவே. லத்தீன் மொழியில் ரோஜாவுக்கு அடியில் என்று பொருள், ரகசியமாகச் சொல்வது என்ற அர்த்தத்தில் வழங்கும் தொடர். இதை 24-ஆவது ஆல்பம் என்று எண்ணுவதா, நால்வர் குழுவின் முதல் ஆல்பம் என்று எண்ணுவதா என்று ரசிகர்கள் இப்போது வாதாடுகிறார்கள். குழுவின் கணக்கில் அது 24. ஆட்களை வைத்துக் கோடு போட இடமே தராத குழுவுக்கு முதல் முறையாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. அவர்களோ எண்ணை மாற்றாமல் அதைத் தாண்டிப் போகிறார்கள். இமாயின் குரலில் முதல் சில நிமிடம் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாலாவது முறை கேட்டபோது பாட்டு மட்டும் காதில் விழுந்தது. இமாய் மறுபடியும் ஏதோ புதுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

இனி வருபவர்களில் சிலருக்கு இந்த 'சப்ரோசா'தான் முதல் வாசலாக இருக்கும். அவர்கள் அங்கிருந்து ஒவ்வொரு ஆல்பமாகப் பின்னோக்கி நடப்பார்கள். முதல் எட்டிலேயே 'இசோரா' எதிர்ப்படும். சகுராயின் குரலை அவர்கள் முதன்முதலாகக் கேட்பது அவர் கடைசியாகப் பாடியதில். அங்கிருந்து ஆல்பத்துக்கு ஆல்பம் அவர் இளைஞராகிக்கொண்டே போவார்.